கூடாரப் பயணத்துக்கு எதை எடுப்பது, எதை விடுவது

குடும்பத்தோடு வெட்டவெளியில் கூடாரம் அடித்துத் தங்கக் கிளம்பும் எவரும் முதலில் ஒரு பட்டியலைத்தான் எழுதுகிறார்கள். பட்டியல் நீள நீள மனத்துக்கு ஒரு தைரியம் வருகிறது. ஆனால் வண்டியில் இடமும் தோளில் பலமும் அந்த அளவுக்குக் கூடுவதில்லை. ஒரே வேலைக்கு இரண்டு மூன்று பொருள்கள் போட்டியிடும்போது அவற்றில் எதை ஏற்றுவது, எதை வீட்டிலேயே விடுவது என்ற தேர்வில்தான் அந்தப் பயணத்தின் சுகமும் சிரமமும் பெரும்பாலும் முடிவாகிவிடுகின்றன. அந்தத் தேர்வுகளை ஒவ்வொன்றாக எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

ஒப்பிடுவதற்கு நான் இரண்டு அளவுகோல்களை வைத்துக்கொள்கிறேன். வண்டி நிற்கும் இடத்திலிருந்து கூடாரம் அடிக்கும் இடம் வரை இதை எவ்வளவு தூரம் சுமக்க வேண்டும் என்பது முதலாவது. நள்ளிரவில் இந்தப் பொருள் கைவிட்டுவிட்டால் அந்த இடத்திலேயே வேறு வழி உண்டா என்பது இரண்டாவது. இரண்டில் எனக்குப் பெரியது இரண்டாவதுதான். கரண்டியை மறந்து வந்தால் எப்படியாவது கிளறிவிடலாம். நாற்காலி இல்லாவிட்டால் தரையில் உட்காரலாம். ஆனால் ஆறு வயதுப் பிள்ளையின் படுக்கை இரவு ஒரு மணிக்கு நனைந்துபோனால் விடியும் வரை செய்வதற்கு ஒன்றுமில்லை. ஆகவே இரவோடு சம்பந்தப்பட்ட பொருள்களில் தாராளமாகவும், பகலோடு சம்பந்தப்பட்ட பொருள்களில் சிக்கனமாகவும் இருப்பது என்பதே என் நிலைப்பாடு.

கூடாரத்திலிருந்து தொடங்குவதுதான் வழக்கம். நான் படுக்கையிலிருந்து தொடங்குகிறேன். இரவில் உடம்பின் சூட்டை உறிஞ்சுவதில் குளிர்காற்றுக்குச் சற்றும் குறையாதது தரை. எவ்வளவு தடித்த ஸ்லீப்பிங் பேக்காக இருந்தாலும் முதுகுக்குக் கீழே உள்ள பஞ்சு உடல் எடையில் நசுங்கித் தட்டையாகிவிடுவதால், அந்தப் பக்கத்தில் அது ஏறக்குறைய இல்லாததற்குச் சமம். மேலே போர்த்துவதை இரண்டாக்குவதைவிடக் கீழே விரிப்பதைச் சரியாகத் தேர்ந்தெடுப்பது அதிகப் பலன் தருவதற்குக் காரணம் இதுதான்.

கீழே விரிப்பதற்கு மூன்று வழிகள் உண்டு: ஊதிப் பெருக்கும் ஏர் பெட், வால்வைத் திறந்தால் தானாகவே பாதி காற்றை இழுத்துக்கொள்ளும் ஃபோம் அடைத்த மெத்தை, சுருட்டிக் கட்டும் சாதாரண ஃபோம் விரிப்பு. படுத்துப் பார்த்த முதல் நிமிடத்தில் ஏர் பெட்டுக்கு நிகரே கிடையாது. ஒருமுறை நாங்கள் அந்த முதல் நிமிடத்தை நம்பித்தான் இருவர் படுக்கும் பெரிய ஏர் பெட் ஒன்றை எடுத்துச் சென்றோம். இரவு இரண்டு மணி அளவில் இடுப்பெலும்பு தரையில் இடித்து விழித்துக்கொண்டேன். நடுவில் படுத்திருந்த மகள் பள்ளத்துக்குள் சரிந்து கிடந்தாள். அவள் பாதத்தைத் தொட்டால் ஈரத் துணியைத் தொட்டதுபோல் இருந்தது. வீட்டில் ஊதிப் பார்த்தபோது கண்ணில் படாத துளை அது, ஊசிமுனை அளவுகூட இல்லை. எச்சில் தொட்ட விரலை ஓரத் தையல் நெடுகிலும் நகர்த்திக்கொண்டே போனபோது ஓரிடத்தில் மட்டும் விரல்நுனி சில்லென்றது. ஒட்டுப்போடப் பசையும் இருந்தது. ஆனால் பசை காய வேண்டிய நேரத்துக்குள் விடிந்துவிடும். அன்றிரவு அவளை என் மார்பின்மேல் போட்டுக்கொண்டு உட்கார்ந்தே கழித்தேன்.

துளை விழாவிட்டாலும் ஏர் பெட்டுக்கு வேறொரு குறை உண்டு. உள்ளே இருக்கும் பெரிய காற்றறையில் காற்று தடையில்லாமல் சுழன்று, மேலே உள்ள உடம்பின் சூட்டைக் கீழே தரைக்குக் கடத்திக்கொண்டே இருக்கிறது. விரிப்புகள் சூட்டை எந்த அளவுக்குத் தடுத்து நிறுத்துகின்றன என்பதை ஆர் மதிப்பு என்ற எண்ணால் குறிக்கிறார்கள்; எண் கூடக்கூடத் தடுப்பு அதிகம். உள்ளே ஃபோமோ பஞ்சோ இல்லாத வெறும் ஏர் பெட்டுக்கு இந்த எண் ஒன்றை ஒட்டியே இருக்கும். மெலிதான ஃபோம் விரிப்புக்குச் சுமார் 2 கிடைக்கும். தானாகக் காற்றிழுக்கும் மெத்தைகளில் தடித்தவை 4-ஐத் தாண்டுகின்றன. இரண்டு விரிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் அவற்றின் எண்களைக் கூட்டிக்கொள்ளலாம் என்பது பலருக்குத் தெரியாத வசதி. இந்தக் கணக்குப்படி என் தேர்வு இது: பிள்ளைகளுக்கு ஃபோம் விரிப்பு, ஏனென்றால் அதில் குதித்தாலும் குத்தினாலும் கெட்டுப்போக ஒன்றுமில்லை, முதுகு வலிக்கும் பெரியவர்களுக்குத் தானாகக் காற்றிழுக்கும் மெத்தை. ஏர் பெட்தான் கையில் இருக்கிறது என்றால் அதன்மேல் ஒரு ஃபோம் விரிப்பையோ தடித்த கம்பளியையோ போட்டுப் படுக்கலாம்; காற்று இறங்கிவிட்டாலும் அந்த விரிப்பாவது மிஞ்சும். நடந்து போய்த் தங்கும் பயணம் என்றால் ஃபோம் விரிப்பு எடை குறைவு, ஆனால் பையின் வெளியே கட்ட வேண்டிய அளவுக்குப் பருமனானது. அதை மழையில் நனையாமல் உறையிட்டுக் கொண்டுபோக வேண்டும்.

ஸ்லீப்பிங் பேக்கில் பறவை இறகு அடைத்தது, செயற்கைப் பஞ்சு அடைத்தது என்று இரண்டு வகை. இறகு இலேசானது, கையளவுக்குச் சுருங்குவது, அதே எடைக்கு அதிகச் சூடு தருவது. ஆனால் நனைந்தால் கட்டிகட்டியாக ஒட்டிக்கொண்டு அந்தச் சூட்டைத் தரும் உப்பலை இழந்துவிடும்; காய வைப்பதும் எளிதல்ல. சின்னப் பிள்ளைகள் உள்ள கூடாரத்தில் தண்ணீர் கொட்டுவதும் இரவில் படுக்கை நனைவதும் எதிர்பார்த்தே தீரவேண்டியவை. அதனால் குடும்பத்துக்குச் செயற்கைப் பஞ்சையே பரிந்துரைப்பேன். ஈரமானாலும் ஓரளவு சூடு தரும், துவைக்கவும் எளிது. உறையில் அச்சிட்டிருக்கும் வெப்பநிலையை வாசிக்கும்போது ஒரு கவனம் தேவை. ஐஎஸ்ஓ 23537 என்ற சர்வதேசத் தரத்தின்படி சோதித்த பைகளில் வசதி நிலை, எல்லை நிலை, உச்ச நிலை என்று மூன்று எண்கள் இருக்கும். வசதி நிலை என்பது தளர்வாகப் படுத்தபடி குளிராமல் தூங்கக்கூடிய அளவு. எல்லை நிலை என்பது உடலைக் குறுக்கிக்கொண்டு சமாளிக்கும் அளவு. உச்ச நிலை உயிர் தப்புவதற்கான கணக்கு. கடைகளில் பெரிய எழுத்தில் தெரிவது பல நேரங்களில் இரண்டாவது எண். தேர்ந்தெடுக்கும்போது முதல் எண்ணை மட்டுமே பார்க்க வேண்டும். அதுவும் வளர்ந்தவர்களின் உடற்சூட்டை வைத்துக் கணக்கிட்டது என்பதால் பிள்ளைகளுக்கு இன்னும் சற்று ஈடு வைத்து வாங்குவது நல்லது. பெரியவர்களின் பையில் பிள்ளையைப் படுக்க வைத்தால் கால்மாட்டில் வெற்றிடம் அதிகமாகி அதைச் சூடாக்கவே அதன் உடம்பு திணறும். அந்தப் பகுதியை மடித்துக் கட்டிவிட்டாலோ மறுநாள் உடுப்புகளை அங்கே அடைத்துவிட்டாலோ சரியாகிவிடும். குளிர் அதிகமில்லாத பருவத்தில் ஒரே ஓர் இரவு என்றால் வீட்டுக் கம்பளிகளே போதும். புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை.

இனி கூடாரம். நால்வர் கூடாரம் என்று விற்பது நான்கு விரிப்புகளை ஓரத்தோடு ஓரம் ஒட்டிப் போட்டால் தரை நிரம்பிவிடும் என்ற கணக்கில் சொன்னது. பைகளுக்கும் ஈரச் செருப்புகளுக்கும் புரண்டு படுக்கும் பிள்ளைக்கும் அதில் இடம் ஒதுக்கியிருக்க மாட்டார்கள். வண்டியின் அருகிலேயே தங்குவதானால் நால்வர் குடும்பத்துக்கு அறுவர் கூடாரம் பொருந்தும். நடந்து போக வேண்டுமானால் நால்வர் கூடாரத்தோடு தனியாக ஒரு தார்ப்பாயைச் சேர்த்துக்கொள்வது மேல். பொருள்களும் சமையலும் தார்ப்பாயின் கீழ் போய்விட்டால் கூடாரம் தூங்க மட்டும் என்றாகிவிடும். ஒரு பெரிய கூடாரமா, இரண்டு சிறியனவா என்ற கேள்வி வளர்ந்த பிள்ளைகள் உள்ள வீட்டில்தான் எழுகிறது. இரவில் எழுப்பிக் கூட்டிப்போக வேண்டிய வயதில் பிள்ளை இருந்தால் ஒரே கூடாரம்தான் சரி.

வடிவத்தில், நிமிர்ந்து நிற்கும் சுவர்கள் கொண்ட அறை போன்ற கூடாரத்தில் உடை மாற்றுவது சுகம். ஆனால் அதன் தட்டையான சுவர் காற்றைப் பாய்மரம்போல் வாங்கும். குவிமாட வடிவக் கூடாரம் குனியவைக்கும். காற்றில் அசையாமல் நிற்கும். மரங்கள் சூழ்ந்த, காற்று அடங்கிய இடத்துக்கு முன்னது. கடற்கரைக்கும் மேட்டு நிலத்துக்கும் பின்னது. வடிவத்தைவிட நான் முக்கியமாகப் பார்ப்பது இரட்டைத் துணி. உள்ளே வலைத்துணியும் அதன்மேல் சிறிது இடைவெளி விட்டு மழைத்துணியும் இருந்தால், தூங்குபவர்களின் மூச்சில் வெளியேறும் ஈரம் வெளித்துணியில் படிந்து அதன் வழியே வடிந்துவிடும். ஒற்றைத் துணிக் கூடாரத்தில் அந்த ஈரம் விடியற்காலையில் முகத்தில் சொட்டும். மழை ஒழுகுகிறது என்று பலர் குறைப்படுவது பெரும்பாலும் இந்த மூச்சுத் தண்ணீரைத்தான். காற்றுப்போக்கிகளைச் சற்றுத் திறந்து வைத்தாலே பாதி குறைந்துவிடும். கம்பிகளில் ஃபைபர் கிளாஸ் மலிவு. ஆனால் முறிந்தால் சிலாம்பாகப் பிளந்து கையைக் கிழிக்கும். அலுமினியம் வளையும், நிமிர்த்தலாம்.

கூடாரத்தின் கீழ் தரைவிரிப்பு போடுவதா வேண்டாமா என்று கேட்டால், போடலாம், ஆனால் அது கூடாரத்தின் தரையைவிட ஒரு சாண் சிறிதாக இருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் விரிப்பு கூரையிலிருந்து வடியும் மழையை ஏந்தி அப்படியே கூடாரத்துக்கு அடியில் கொண்டுவந்து தேக்கிவிடும். ஓரங்களை உட்பக்கமாக மடித்துவிடுவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. முளைகளையும் கூடுதலாக நான்கைந்து எடுத்துக்கொள்ளுங்கள்; கூடாரத்தோடு வரும் மெல்லிய கம்பி முளை கல் தரையில் வளையும், மணலில் பிடிமானம் கிடைக்காமல் பிடுங்கிக்கொள்ளும்.

அடுப்பு விஷயத்தில் சுமக்கும் தூரம் முடிவைச் சொல்லிவிடும். கேஸ் குப்பியின் தலையிலேயே திருகி மாட்டும் சின்ன அடுப்பு உள்ளங்கையில் அடங்கும். ஒருவருக்குத் தண்ணீர் கொதிக்க வைக்க அது போதும். நால்வருக்கான பாத்திரத்தை அதன்மேல் ஏற்றினால் உயரமான குப்பி, குறுகிய தாங்கி, மேலே கொதிநீர் என்று ஆகிவிடுகிறது. பிள்ளைகள் ஓடியாடும் இடத்தில் நான் அதை வைக்கத் துணிய மாட்டேன். குப்பியைப் பக்கவாட்டில் படுக்கவைத்துப் பொருத்தும் தட்டையான ஒற்றை அடுப்பு நிலையாக உட்காரும். வண்டியில் போகும் குடும்பத்துக்கு என் தேர்வு அதுதான். அதன் பலவீனம் குளிர். அந்தக் குப்பிகளில் பெரும்பாலும் இருக்கும் பியூட்டேனின் கொதிநிலை சுமார் 0 டிகிரி செல்சியஸ். குளிர் அந்த அளவை நெருங்க நெருங்கத் திரவம் வாயுவாக மாறாமல் சுடர் சுருங்கிவிடும். வாயு வெளியேற வெளியேறக் குப்பியும் தானே குளிர்வதால், காற்றின் குளிர் 5 டிகிரியில் இருக்கும்போதே இந்தத் தொல்லை ஆரம்பித்துவிடும். புரொப்பேனின் கொதிநிலை −42 டிகிரி. ஆகவே குளிர்ப் பிரதேசத்துக்குப் புரொப்பேன் அடுப்போ புரொப்பேன் கலந்த குப்பியோ தேவை.

விறகு என்பது அழகு, ஆனால் நம்பி இருக்க முடியாதது. மழை பெய்தால் ஈரம். பெய்யாமல் காய்ந்துகிடந்தால் பல இடங்களில் தீ மூட்டத் தடை. எந்த அடுப்பைத் தேர்ந்தெடுத்தாலும் ஒன்று மட்டும் விலக்கில்லாதது: கூடாரத்துக்குள் அடுப்போ கரிக் கனலோ கூடவே கூடாது, அணையும் தறுவாயில் உள்ள கனல்கூடக் கூடாது. அவற்றிலிருந்து வெளியேறும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. தூங்குபவரை அது எழுப்புவதில்லை. குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று கனலை உள்ளே எடுத்து வைத்துப் பிள்ளைகளோடு உறங்கியவர்கள் விழிக்காமலே போயிருக்கிறார்கள். குளிர்ந்தால் ஒரு குப்பியில் வெந்நீர் அடைத்து, மூடியைத் திருகி இறுக்கி, துணி சுற்றிக் கால்மாட்டில் வையுங்கள்.

தண்ணீருக்குக் குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் நால்வருக்கு இரண்டு நாளைக்கு 32 லிட்டர், அதாவது 32 கிலோ. வண்டியில் போகிறவர்கள் இதை வீட்டிலிருந்தே கொண்டுபோவதுதான் உத்தமம். ஒரே பெரிய கேனைவிட 10 லிட்டர் கேன்கள் நான்கு நல்லவை; ஒன்று ஒழுகினால் மூன்று மிஞ்சும், தூக்குபவரின் இடுப்பும் தப்பும். நடந்து போகிறவர்கள் ஓடையையோ ஏரியையோ நம்ப வேண்டியிருக்கும். அங்கே ஃபில்டர், மாத்திரை, கொதிக்க வைப்பது என்ற மூன்றும் ஒரே வேலையைச் செய்வதில்லை. நுண்குழல் ஃபில்டர்களின் துளை 0.1 முதல் 0.2 மைக்ரான் வரை. பாக்டீரியாவையும் அதைவிடப் பெரிய ஜியார்டியா போன்ற ஒட்டுண்ணிகளையும் அது பிடித்துவிடும், வைரஸ் நழுவிவிடும். குளோரின் மாத்திரை வைரஸைக் கொல்லும். கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியிடம் தோற்றுவிடும். கொப்புளித்துக் கொதிக்கும் தண்ணீரை 1 நிமிடமும், 2,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் 3 நிமிடமும் வைத்திருந்தால் பாக்டீரியா, வைரஸ், ஒட்டுண்ணி மூன்றுமே சாகும். பகலில் வழிநடைக்கு ஃபில்டர், பிள்ளைகள் குடிக்க இரவில் கொதிக்க வைத்து ஆறிய நீர் என்று பிரித்துக்கொள்ளலாம். ஃபில்டர் ஒருமுறை உறைந்தால் உள்ளே உள்ள நுண்குழல்கள் வெடித்திருக்கும், வெளியில் தெரியாது. உறைபனி இரவில் அதை ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொள்ள வேண்டும்.

குளிர்பெட்டி வேண்டுமா என்பது எத்தனை நாள் என்பதைப் பொறுத்தது. ஓர் இரவுக்குக் கெடாத உணவையே கொண்டுபோனால் பெட்டியே தேவையில்லை. இரண்டு நாளுக்கு மேல் என்றால் கடினச் சுவர்ப் பெட்டியும், தூள் ஐஸுக்குப் பதிலாக உறையவைத்த தண்ணீர்க் குப்பிகளும் ஏற்றவை. கட்டியாக உறைந்தது மெதுவாக உருகும், உருகியதைக் குடிக்கவும் செய்யலாம். எளிதில் கெடும் உணவு 4 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது. வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான்.

வெளிச்சத்துக்கு நடுவில் தொங்கும் ஒரு லாந்தரா, ஆளுக்கொரு தலைவிளக்கா என்றால் தயங்காமல் தலைவிளக்கு. இரவில் பிள்ளையைக் கழிப்பிடத்துக்கு அழைத்துப்போகும்போது ஒரு கையில் அதன் விரல், மறுகையில் தண்ணீர்; டார்ச்சைப் பிடிக்கக் கை இல்லை. தனக்கென்று ஒரு விளக்கு இருக்கும் பிள்ளைக்கு இருட்டின் பயமும் பாதியாகக் குறைகிறது. எல்லா விளக்குகளும் ஒரே அளவு பேட்டரியில் எரிபவையாக இருந்தால் மாற்று பேட்டரி ஒரே ஒரு பொட்டலம் போதும்.

உடைகளில் பருத்தி பகலுக்கு, கம்பளியோ செயற்கை இழையோ இரவுக்கு. நனைந்த பருத்தி ஈரத்தை விடாமல் பிடித்துக்கொண்டு உடம்பைக் குளிரவைக்கும். தூங்குவதற்கென்று ஒரு ஜோடியையும் காலுறையையும் தனிப் பையில் கட்டி, என்ன ஆனாலும் பகலில் பிரிக்காமல் வைத்திருங்கள்.

மருந்துப் பெட்டியைக் கடையில் தயாராக வாங்குவதைவிட வீட்டில் நாமே கட்டுவது நல்லது. தயார்ப் பெட்டிகளில் பிளாஸ்திரி நிறைய இருக்கும், பிள்ளைக்கு வேண்டிய காய்ச்சல் மருந்து இருக்காது. காய்ச்சல் மருந்தோடு பிள்ளையின் எடைக்கான அளவையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். வெப்பமானி, உண்ணி பிடுங்கக் கூர்முனைச் சாமணம், ஓஆர்எஸ் பொட்டலங்கள் ஆகியவையும் வேண்டும். ஓஆர்எஸ் கலக்கும் தண்ணீரின் அளவு பொட்டலத்தின் மேல் உள்ளபடியே இருக்க வேண்டும் என்பதால், அளவு குறித்த குப்பி ஒன்றைக் கூடவே வைத்துக்கொள்வது அவசியம். கொசு விரட்டிகளில் டீட் (DEET) என்ற வேதிப்பொருள் கலந்ததை 2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும், எலுமிச்சை யூகலிப்டஸ் எண்ணெயை 3 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் பூசக்கூடாது. அந்த வயதினருக்கு முழுக்கைச் சட்டையும் வலையுமே வழி.

பவர் பேங்க்கா, மடக்கும் சோலார் தகடா என்றால், இரண்டு மூன்று நாளுக்குப் பவர் பேங்க்தான். 10,000 எம்ஏஎச் என்று எழுதியதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் போனுக்குப் போய்ச் சேரும் என்ற கணக்கோடு வாங்கினால் ஏமாற்றம் இராது. மரநிழலில் கூடாரம் அடிப்பவர்களுக்குச் சோலார் தகடு வெறும் சுமை.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே கூடாரத்தை ஒருமுறை முழுதாக அடித்துப் பாருங்கள். குறையும் கம்பியும் கிழிந்த வலையும் அப்போதே தெரியட்டும். அன்றிரவு பிள்ளைகளை அவரவர் விரிப்பில் தரையில் படுக்கவைத்துப் பார்த்தால், எது பொருந்துகிறது என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள். ஏற்றும்போது உணவும் பாத்திரமும் அடியில் போகட்டும், படுக்கைகள் அதற்கு மேல். கூடாரம், தார்ப்பாய், முளைகள், சுத்தியல் ஆகியவற்றைக் கடைசியாக ஏற்றுங்கள், மழையில் இறங்கினாலும் முதலில் கைக்கு அகப்படும்படி. தலைவிளக்குகளை மட்டும் வண்டியின் பின்னால் வைக்காமல், ஆளுக்கொன்றாக அவரவர் மடியிலேயே கொடுத்துவிடுங்கள்.